படகுக்குப் போர்த்திய பனியன் துணி

திருப்பூருக்குப் பாய்மரப் படகு வந்திருக்கிறது என்று நான் சொன்னபோது நீங்கள் யாரும் நம்பவில்லை. வீரபாண்டி லைன் வீட்டுக் குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு நின்ற நீங்கள் அத்தனை பேரும் ஒன்றாகச் சிரித்தீர்கள். "ஏன்டி, சாயத்தண்ணியில ஓட்டவா?" என்று கேட்டவள் யார் என்று எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. பேரைச் சொல்லவில்லை, பிழைத்துப் போகட்டும். இப்போது நமக்குக் காதோரம் நரைத்து, அதற்கு மை அடித்து, அந்த மையும் பாதி வெளுத்து, பிள்ளைகளின் பள்ளிக்கூட வாசலில் வண்டியை நிறுத்திக்கொண்டு காத்துக்கிடக்கிற வயசாகிவிட்டது. இனிமேலாவது ஒத்துக்கொள்ளுங்கள். படகு வந்தது. நான் அதன் வயிற்றைத் தொட்டுப் பார்த்தேன். அந்தப் படகால்தான் நான் உங்களோடு இருந்தேன் என்பது உங்களில் யாருக்கும் தெரியாது.

ஆறாம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறை அது. செல்போன் என்றால் முதலாளிமார் கையில் மட்டும் இருந்த காலம். என் அப்பா ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். பனியன் துணியை நீள மேஜையில் அடுக்கடுக்காக விரித்து, மேலே அளவு வரைந்த காகிதத்தை வைத்து, ஒரே ஓட்டத்தில் நூறு சட்டைக்குத் துண்டு எடுப்பது அவர் வேலை. ஒரு டீ-ஷர்ட்டைக் கையில் தூக்கிப் பார்த்து எத்தனை கிராம் துணி என்று சொல்வார். தராசில் வைத்தால் அதற்கு முன்னே பின்னே இரண்டு கிராம்தான் இருக்கும். அதில் அவருக்கு ஒரு மிடுக்கு உண்டு. லைன் வீட்டில் யார் புதுச்சட்டை போட்டு வந்தாலும் அப்பா சட்டையைப் பார்க்கமாட்டார், கிராமைத்தான் பார்ப்பார்.

அந்த மிடுக்கு பங்குனியில் உடைந்தது. அவர் வெட்டிக் கொடுத்த ஒரு ஆர்டரில் முந்நூறு சட்டைகள் தைத்து முடித்த பிறகு சின்னதாகிவிட்டன. பெரியவர்களுக்கான அளவு, வளர்ந்த பையன்களுக்குத்தான் சரியாக இருந்தது. வெட்டுகிற காகிதத்தில் அப்பா அளவைத் தப்பாக வரைந்துவிட்டார் என்று எல்லாரும் சொன்னார்கள். அப்பா அந்தக் காகிதத்தை வீட்டுக்கே கொண்டுவந்து, தரையில் விரித்து, டேப் வைத்துத் திரும்பத் திரும்ப அளந்தார். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் சட்டை சின்னது. கடைசியில் அவருக்கே தன் மேல் சந்தேகம் வந்துவிட்டது.

முதலாளி அவரைக் கூப்பிட்டு அனுப்பினார். கோவைப் பக்கத்து மரியாதை தெரியும் அல்லவா, திட்டினாலும் 'ங்க' போட்டுத்தான் திட்டுவார்கள். அப்பா வந்து அம்மாவிடம் அப்படியே சொல்லிக் காட்டினார்.

"இல்லீங்க மாஸ்டர், உங்களக் கொற சொல்லலீங்க. வயசானா கணக்கு முன்னப் பின்ன ஆவறதுதானுங்க. இன்னொருக்கா இப்படி ஆச்சுன்னா, நீங்க ஊர்ப்பக்கம் போயி நிம்மதியா இருந்துக்கங்க."

அப்பாவுக்கு அப்போது நாற்பது வயசுகூட ஆகவில்லை.

"மரியாதயா கழுத்த அறுக்கான்" என்றாள் அம்மா.

ஊர் என்றால் சாத்தான்குளத்துக்குத் தெற்கே, தேரி என்கிற செம்மணல் மேட்டு ஓரத்தில் ஓர் ஓட்டு வீடும் வற்றின கிணறும். அங்கே அப்பாவுக்கு வெட்ட என்ன இருக்கிறது? போவதென்றால் அப்பா பெரியப்பாவின் கடையில் சாமான் கட்டிக் கொடுப்பது, என்னைத் தூத்துக்குடியில் ஒரு விடுதியில் விடுவது என்று பேச்சு நடந்தது. முன்ஜாக்கிரதையாக அப்பா கடைசிப் பரீட்சை அன்று பள்ளிக்கூடத்தில் டி.சி.க்கும் எழுதிக் கொடுத்துவிட்டார். 'ஜூன்ல ஸ்கூல் தெறக்கட்டுங்க, போறதா இருந்தா வந்து வாங்கிக்கங்க' என்று பெரிய டீச்சர் சொல்லி அனுப்பினார். நான் உங்களிடம் மூச்சு விடவில்லை. சொன்னால் அது நடந்துவிடும் என்று ஒரு பயம். குழாயடியில் உங்களோடு சண்டை போட்டுக்கொண்டே உள்ளுக்குள் அழுதுகொண்டிருந்தேன் என்று இப்போது சொன்னால் நம்புவீர்களா, தெரியவில்லை.

இந்த நேரத்தில்தான் படகு வந்தது.

முதலாளியிடம் துணி வாங்குகிற வெளிநாட்டுக்காரர் ஒருவர் இருந்தார். எல்லாரும் 'பையர்' என்றுதான் சொல்வார்கள். அவருக்குப் பாய்மரப் படகென்றால் உயிர். மழைக்காலம் முடிந்து அவர் வரும்போது கொச்சியில் ஒரு படகு தயாராக நிற்கவேண்டும் என்று முதலாளிக்கு ஆசை. பழைய படகு ஒன்றை வாங்கிவிட்டார். கொச்சியிலேயே வைத்துச் சரிசெய்வதுதானே புத்தி? "அங்க எவன் என்ன பண்றான்னு ஆருக்குத் தெரியுமுங்க? நம்ம செட்ல, நம்ம கண்ணு முன்னால நடந்தாத்தான் வேலைங்க" என்று சொல்லி, நீள லாரியில் ஏற்றி, பாலக்காட்டு வழியாக முதலிபாளையம் தொழிற்பேட்டையில் இருந்த தன் குடோனுக்கே கொண்டுவந்துவிட்டார். கரண்டுக் கம்பியை மூங்கிலால் தூக்கிப் பிடித்தபடி இரண்டு பேர் லாரியின் மேல் உட்கார்ந்து வந்தார்களாம். சாயப்பட்டறை ஆட்கள் எல்லாம் வேலையை விட்டு ரோட்டுக்கு வந்து பார்த்தார்களாம்.

அம்மா வேறொரு கம்பெனியில் தைத்த சட்டைகளின் நூல் பிசிறு வெட்டப் போய்விடுவாள். லீவு நாளில் என்னைத் தனியாக விட மனசில்லாமல் அப்பா மொபெட்டின் முன்னால் நிற்கவைத்துக் கூட்டிப்போவார். அப்படித்தான் நான் அதைப் பார்த்தேன். முப்பதடி நீளம். இரும்புச் சட்டத்தில் நிமிர்ந்து நின்றது. பாதிக்கு மேல் வெள்ளை, கீழே அழுக்கு நீலம். அடிவயிற்றிலிருந்து மீனின் துடுப்பு மாதிரி ஒரு பெரிய பலகை தொங்கியது. அடிப்பாகம் முழுக்கச் சின்னச் சின்னச் சிப்பிகள் ஒட்டிக் காய்ந்துபோய், தொட்டால் கையைக் கீறும். குடோனில் எப்போதும் இருக்கிற பஞ்சு நாற்றமும் மெஷின் எண்ணெய் நாற்றமும் போய், கருவாட்டுக் கடை வாசம் வந்திருந்தது. சுரண்டிப் போட்ட சிப்பிகளை நான் ஜியாமெட்ரி பாக்ஸில் சேர்த்து வைத்தேன். பிறகு எத்தனையோ வீடு மாறியதில் அந்தப் பெட்டி எங்கே போனது என்று தெரியவில்லை.

அந்தச் சிப்பிகளால்தான் வினையே. கடல் தண்ணீரில் நிற்கிற படகின் அடியில் பாசியும் சிப்பியும் பிடித்துக்கொண்டால் படகு ஓடாது. அவை ஒட்டாமல் இருக்க ஒரு மருந்து கலந்த பெயின்ட் உண்டு, அதை அடியில் மட்டும் அடிக்கவேண்டும். பையர் தன் ஊரிலிருந்தே அனுப்புவதாகச் சொல்லிவிட்டார். ஆனால் எத்தனை டின் என்று கேட்டு ஃபேக்ஸ் வந்திருந்தது. தீப்பிடிக்கிற சரக்கு, விமானத்தில் ஏற்றமாட்டார்கள், கப்பலில்தான் வரும். ஒரு மாசம் ஆகும். குறைந்தால் இரண்டாம் தடவை கேட்க நேரம் இல்லை. மழை பிடித்துவிட்டால் கொச்சியில் படகைத் தூக்கித் தண்ணீரில் இறக்குகிற கிரேன்காரர் வரமாட்டார். அதிகமாக வாங்கிப் போட்டால் அடுத்த வருசத்துக்குள் டின்னிலேயே கட்டியாகிவிடும்.

முதலாளி படகைச் சுற்றி வந்தார். அப்பா ஓரமாக நின்றார். திடீரென்று முதலாளிக்கு ஒரு யோசனை தோன்றியது.

"ஏனுங்க மாஸ்டர், உங்கூரு தூத்துக்குடிப் பக்கந்தானுங்களே? படகெல்லாம் பாத்துப் பழகுன கண்ணுங்க. இதுக்கு எத்தன டின் வேணும்னு நீங்களே சொல்லிப்போடுங்க."

எங்கள் ஊரிலிருந்து கடல் ஏழெட்டுக் கல் தூரம். அப்பா அதுவரை ஒரு படகில்கூட ஏறியதில்லை. நான் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தேன். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் பங்குனிக்குப் பிறகு முதலாளி அவரிடம் ஒரு வேலையை நம்பிக் கொடுப்பது அதுதான் முதல் தடவை.

"சரிங்க மொதலாளி. பாத்துச் சொல்லுறேனுங்க" என்றார் அப்பா.

முதலாளி சிரித்துக்கொண்டே, "பாத்துங்க மாஸ்டர். இதும் சின்னதாப் போயிறப் போவுது" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

வீட்டில் அம்மா பிடிபிடியென்று பிடித்துக்கொண்டாள். "எனக்குப் படகு தெரியாதுன்னு வாயத் தொறந்து சொல்ல வேண்டியதுதான? தேரிக்காட்டுல பொறந்துட்டுக் கப்பல் ஓட்டுன மாதிரி தலையாட்டிட்டு வந்திருக்கிய!"

"சொன்னா என்ன ஆவும்? 'ஓ, இதுவும் தெரியாதா'ம்பாரு."

"தப்பாச் சொன்னா என்ன ஆவும்? அதச் சொல்லுங்க."

அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

மறுநாள் டேப்போடு போனார். நீளம் அளந்தார், அகலம் அளந்தார். ஆனால் படகின் வயிறு இருக்கிறதே, அது ஓரிடத்தில் உருண்டு, ஓரிடத்தில் ஒடுங்கி, முன்னால் கூராகப் போய், எந்தக் கணக்குக்கும் பிடிகொடுக்கவில்லை. காலை முழுக்க அட்டையில் எழுதி எழுதி அடித்தார். மத்தியானம் சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டுப் படகையே பார்த்துக்கொண்டிருந்தவர், தொடையில் ஓங்கித் தட்டினார்.

"ஏட்டி, இது என்ன தெரியுமா? கையில்லாத பனியன். பனியனுக்கு எத்தன கிராம் போவும்னு எனக்குத் தெரியாதாக்கும்!"

அவர் யோசனை இதுதான். படகின் அடிக்குப் பனியன் துணியைப் போர்த்துவது. வெள்ளையும் நீலமும் சேர்கிற தண்ணீர் மட்டக் கோட்டோடு வெட்டி எடுப்பது. எடுத்த துணியை நிறுத்தால் எத்தனை கிராம் என்று தெரியும். கட்டிங் அறையில் ஒரு வட்டக் கட்டர் உண்டு. துணி மேல் வைத்து அமுக்கித் திருகினால் உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய வட்டம் ஒன்று வெட்டி வரும். அதைக் குட்டித் தராசில் வைத்தால் ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்று காட்டிவிடும். மொத்த எடையை அதால் வகுத்தால் படகின் அடிப்பரப்பு கையில் வந்துவிடும். டேப்பும் வேண்டாம், கணக்கு வாத்தியாரும் வேண்டாம். எனக்குப் புல்லரித்தது. இன்றைக்கும் சொல்கிறேன், அந்த யோசனையில் ஒரு குறையும் இல்லை. வேறு எந்த ஊர்க்காரனுக்கும் அது தோன்றியிருக்காது.

பங்குனி ஆர்டரில் மிஞ்சின வெள்ளைத் துணி இரண்டு ரோல் குடோனில் கிடந்தது. எதற்கும் ஆகாத துணி, அதையே எடுத்துக்கொண்டார். கட்டிங் மேஜையில் வேலை பார்க்கும் நான்கு அண்ணன்மார் வந்தார்கள். சனிக்கிழமை காலை ஆரம்பித்தோம். துணியின் ஒரு விளிம்பைத் தண்ணீர் மட்டக் கோட்டில் செலோடேப் போட்டு ஒட்டி, அடியில் கொண்டுபோனால், துணி வயிற்றை விட்டுப் பிரிந்து தொட்டில் மாதிரித் தொங்கியது. கீழ்நோக்கி இருக்கிற வயிறு, துணி எப்படி ஒட்டி நிற்கும்?

"இழுங்கடே! நல்லா இழுத்துப் புடிங்க. சுருக்கம் இருக்கப்படாது" என்று அப்பா கத்தினார்.

நான்கு பேரும் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார்கள். துணி விறைத்து, படகின் தோல் மாதிரி ஒட்டிக்கொண்டது. தட்டினால் டப் என்று சத்தம் வந்தது. தொங்குகிற பலகைக்கும் சுக்கானுக்கும் தனித்தனியாகச் சுற்றினார்கள். அப்பா அடியில் மல்லாந்து படுத்து, கத்தரியால் கோட்டோடு வெட்டிக்கொண்டே போனார். அவர் முகத்தில் பங்குனிக்கு முந்தைய மிடுக்கு திரும்பியிருந்தது. எனக்கும் ஏதோ பெரிய வேலையில் பங்கு கிடைத்த சந்தோஷம். எடை எழுதியது நான்தான். துணி நான்கு கிலோ ஐம்பது கிராம். கட்டர் காட்டியது சதுர மீட்டருக்கு நூற்றெண்பது கிராம். வகுத்தால் இருபத்திரண்டரை சதுர மீட்டர். ஒரு லிட்டர் டின் ஒன்பது சதுர மீட்டருக்கு வரும், மூன்று தடவை அடிக்கவேண்டும் என்று ஃபேக்ஸில் இருந்தது. அப்படியென்றால் ஒரு டின்னுக்கு மூன்று சதுர மீட்டர். ஏழரை டின். எட்டு டின் என்று அப்பா போய்ச் சொன்னார். முதலாளி சாயங்காலமே ஃபேக்ஸ் அனுப்பிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஷிப்மென்ட் அவசரம், கட்டிங் அறையில் ஓவர்டைம். நானும் போனேன். அப்பா வேலையில் இருக்க, நான் குடோனுக்கு நழுவிவிட்டேன். வெட்டி எடுத்த துணி மூலையில் சுருண்டு கிடந்தது. படகுக்கு மறுபடி பாவாடை கட்டி, உள்ளே உட்கார்ந்து வீடு விளையாடலாம் என்று ஆசை. ஸ்டூல் மேல் ஏறி, துணியின் விளிம்பைப் பழைய கோட்டில் ஒட்டிவிட்டு, அடியில் தவழ்ந்து மறுமுனையை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போனேன். எட்டவில்லை. முழம் அளவு குறைந்தது. வேறு துண்டை எடுத்துவிட்டேனோ என்று மாற்றி வைத்துப் பார்த்தேன். அதுவும் குறைந்தது. பலகையைச் சுற்றிய துண்டு பலகையை மூடவில்லை. யாரோ ராத்திரியில் வந்து ஓரத்தை வெட்டிக்கொண்டு போய்விட்டார்கள் என்று நினைத்து அப்பாவிடம் ஓடினேன்.

"அப்பா, படகுத் துணிய யாரோ வெட்டிட்டாவ. பத்த மாட்டேங்குது."

அப்பா சிரித்துக்கொண்டுதான் வந்தார். துணியைப் பிடித்து ஒட்டிப் பார்த்தார். பிறகு அதன் விளிம்பைத் தடவினார். அவரே வெட்டிய விளிம்பு, பென்சில் கோடு அப்படியே இருந்தது. யாரும் வெட்டவில்லை. அவர் சிரிப்பு நின்றுபோய், அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

உங்களில் பாதிப் பேர் இன்றைக்கும் இந்தத் தொழிலில் இருக்கிறீர்கள், விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பனியன் துணி இழுத்தால் நீளும், விட்டால் திரும்பிச் சுருங்கும். நீளும்போது அதன் கனம் குறைந்துவிடும். நான்கு பேர் பல்லைக் கடித்து இழுத்ததில் குறைவான துணி அதிகமான இடத்தை மூடிவிட்டது. படகு பெரிது, எடை சொன்னது சின்னது. ரோலைப் பிரித்தால் ஒரு நாள் முழுக்க அப்படியே மேஜையில் கிடக்கவிட்டு, அது தன் பழைய அளவுக்குத் திரும்பிய பிறகுதான் கத்தி வைக்கவேண்டும் என்று புதுப் பையன்களைத் திட்டுகிற மனிதர் என் அப்பா. படகு என்றதும் அவருக்குத் துணி மறந்துபோயிற்று.

அன்று மத்தியானம் வீட்டில் அம்மா முறத்தில் அரிசியை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டாள்.

"இதுல இன்னொண்ணும் இருக்கு" என்றார் அப்பா. "இது பங்குனி ஆர்டர் துணி. அன்னைக்கு ரோல் வந்து எறங்குன கையோட, 'இன்னைக்கே வெட்டுங்க'ன்னு மொதலாளி மேஜைகிட்டயே நின்னாரு. துணிய மெஷின்ல அமுக்கித்தான் அனுப்பியிருக்கு, சுருங்காதுன்னாங்க. நானும் நம்பிட்டேன். கையால இழுத்தது ஒரு நாள்ல மொழம் திரும்புதுன்னா, மெஷின்ல இழுத்துச் சுத்துனது எவ்வளவு திரும்பியிருக்கும்? என் அளவு தப்பில்ல."

அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப நாளைக்கு அதையும் சேத்துச் சொல்லுங்க!"

"மாட்டேன்."

"என்னது?"

"என் தப்பச் சொல்லப் போற எடத்துல அவரு தப்பையும் எடுத்து வச்சா, சாக்கு சொல்லுதான்னுதான் நெனப்பாரு. படகுத் தப்ப மட்டும் சொல்லுதேன்."

"ஊருக்குப் போறதுக்கு நீங்களே வழி தேடுதியளா?" என்று அம்மா முறத்தைத் தள்ளிவிட்டு எழுந்து போய்விட்டாள். அன்றைக்கு நான் அம்மா கட்சிதான். அப்பாவுக்கு தைரியம் இல்லை என்று நினைத்தேன். நிஜத்தைச் சொல்வதில் என்ன வெட்கம் என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

திங்கட்கிழமை முதலாளியின் அறைக்குள் அப்பா போனபோது நானும் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "மொதலாளி, எட்டு டின்னு தப்புங்க. துணிய இழுத்துப் புடிச்சு அளந்துட்டேனுங்க. பத்தாது" என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். முதலாளி எழுந்து எங்களோடு குடோனுக்கு வந்தார்.

துணியைக் கையில் எடுத்துப் படகில் வைத்தார். எட்டவில்லை. இழுத்தார், எட்டியது. விட்டார், சுருங்கியது. மறுபடி இழுத்தார், மறுபடி விட்டார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இது எந்த லாட் துணிங்க மாஸ்டர்?"

"பங்குனி ஆர்டர்ல மிஞ்சுனதுங்க."

நான் வாயைத் திறந்தேன். அப்பா என் தோளில் கை வைத்து அழுத்தினார். முதலாளி துணியை மடித்து ஓரமாக வைத்தார்.

"எட்டு டின்ன அனுப்ப வேண்டாம்னு இன்னொரு ஃபேக்ஸ் போடறனுங்க. மறுக்கா அளங்க" என்றார். போகும்போது திரும்பி, "இந்தவாட்டி தப்புனா நானே ஒண்ணும் பண்ண முடியாதுங்க மாஸ்டர். பையர்கிட்ட ரெண்டு தடவதான் கணக்குச் சொல்ல முடியும், மூணாந்தடவ நம்மளப் பாத்துச் சிரிப்பாங்க" என்றார்.

இந்தத் தடவை அப்பா துணியைத் தொடவே இல்லை. மேஜையில் துணிக்கு அடியில் விரிக்கிற பழுப்புக் காகிதத்தை எடுத்தார். மைதாப் பசை காய்ச்சி, கையகலக் கீற்றுகளாகக் கிழித்து, ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் ஒட்டினோம். காகிதம் நீளாது. இழுத்தால் கிழியும், அவ்வளவுதான். நாள் முழுக்க என் தலைமுடியெல்லாம் பசை. ஒட்டுவதற்கு முன் எடை போட்ட காகிதத்தில் மிஞ்சியதைக் கழித்து, கட்டர் காட்டிய கிராமால் வகுத்தால், படகுக்குப் போனது எத்தனை சதுர மீட்டர் என்று வந்துவிடும். இருபத்தேழு சதுர மீட்டர். ஒன்பது டின். ரோலரில் குடிப்பதற்கும் தட்டில் ஒட்டுவதற்கும் சேர்த்துப் பத்து. அப்பா என்னை மூன்று தடவை வகுக்கச் சொன்னார். மூன்று தடவையும் அதே விடை வந்தது.

பிறகு ஒரு மாசம் காத்திருப்பு. இதைப்பற்றி என்ன சொல்ல? நீங்கள் எல்லாம் மாரியம்மன் கோயில் திடலில் நொண்டி விளையாடினீர்கள். நானும் விளையாடினேன். ஒவ்வொரு நாளும் அப்பா வந்ததும் அம்மா கேட்கும் முதல் கேள்வி, "கப்பல் வந்துட்டா?" பக்கத்து வீட்டு அக்கா, எங்களுக்கு ஏதோ கப்பல் கம்பெனியில் பங்கு இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தாள்.

மே கடைசியில் பத்து டின்னும் வந்து இறங்கின. அடர்சிவப்பு. மூடியைத் திறந்ததும் மூக்கைப் பிய்க்கிற வாசம். பெயின்டர் அண்ணன் ஒருவர் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு வேலையை ஆரம்பித்தார். முதல் நாள் ஒரு தடவை அடித்து முடித்ததில் மூன்று டின்னும் கொஞ்சமும் காலி. அப்பா அட்டையைப் பார்த்தார். இரண்டாம் நாள் இரண்டாவது தடவை. மொத்தம் ஆறரை. மூன்றாம் நாள் முதலாளியும் வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். அப்பா காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. எட்டாவது டின் காலியானபோது ஒரு பக்கம்கூட முழுசாக முடியவில்லை. எட்டோடு நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். ஒன்பதாவது முடிந்தபோது பின்பக்கமும் சுக்கானும் பாக்கி. பத்தாவது டின்னைத் திறந்தார்கள்.

பெயின்டர் அண்ணன் ரோலரை நனைப்பார், அடிப்பார். நான் டின்னுக்குள் எட்டி எட்டிப் பார்ப்பேன். முக்கால் ஆனது, அரை ஆனது. சுக்கானின் கடைசி ஓரத்தை அடித்துவிட்டு அவர் துண்டை அவிழ்த்து, டின்னை ஆட்டிக் காட்டினார்.

"மாஸ்டர், முடிஞ்சுதுங்க. கால் டின்னு கெடக்குது. இத என்ன பண்றதுங்க?"

அப்பா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். போன உயிர் திரும்பி வருவதை ஒரு மனிதன் முகத்தில் நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

முதலாளி நாற்காலியிலிருந்து எழுந்து வந்தார். அந்த நான்கு அண்ணன்மார், பெயின்டர், வாட்ச்மேன், நான், எல்லாரும் இருந்தோம்.

"மாஸ்டர், ஒண்ணு சொல்லோணுங்க. நானும் மேஜையில நின்னு வளந்தவந்தானுங்க. அன்னிக்கு அந்தத் துணிய இழுத்துப் பாக்கறப்பவே தெரிஞ்சுபோச்சு. பங்குனில துணிய ஆறப் போடாம, இன்னிக்கே வெட்டுங்கன்னு நாந்தானுங்க நின்னேன். அந்த முந்நூறு பீசு உங்க தப்பில்லீங்க. சொல்றதுக்கு எனக்கு இத்தன நாளு ஆயிருச்சு. மனசுல வெச்சுக்காதீங்க."

அப்பா, "சரிங்க" என்றார். பிறகு மறுபடி, "சரிங்க" என்றார். குழாயடிக்குப் போய் முகத்தைக் கழுவினார், கழுவிக்கொண்டே இருந்தார். அப்பாவுக்கு தைரியம் இல்லை என்று நினைத்தேனே, அந்தத் தப்புக் கணக்கை நான் அங்கேதான் அழித்தேன்.

வீட்டு வாசலில் அம்மா நின்றிருந்தாள். "பத்திச்சா?"

அப்பா தலையை மட்டும் ஆட்டினார். மிச்சத்தை நான்தான் மூச்சு வாங்கச் சொன்னேன், முதலாளி பேசியது வரைக்கும். அம்மா உள்ளே போய் அடுப்பை அணைத்துவிட்டு, அப்படியே தரையில் உட்கார்ந்தாள். இரண்டு மாசமாக எங்களை அதட்டி உருட்டிக்கொண்டிருந்தவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள்.

"நாளைக்கு மொத வேலையா பள்ளிக்கூடத்துக்குப் போயி, டி.சி. வேண்டாம்னு சொல்லிட்டு வாங்க."

படகு இரண்டு நாளில் லாரி ஏறிப் போய்விட்டது. பையர் அதில் ஏறினாரா, பாய் விரித்தாரா, சிப்பி ஒட்டாமல் இருந்ததா, எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் தோன்றவில்லை.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்த முதல் நாள். ஏழாம் வகுப்பில், உங்கள் நடுவில், மூன்றாவது பெஞ்சில் வந்து உட்கார்ந்தேன். டீச்சர் வருகைப் பதிவை எடுத்து ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டார். என் பேர் அதில் இருக்குமா என்று அந்தக் கடைசி நிமிஷம் வரைக்கும் எனக்குப் பயம். என் பேரைக் கூப்பிட்டார். பக்கத்து வகுப்புக்குக் கேட்கும்படி நான், "உள்ளேன் டீச்சர்!" என்று கத்தினேன். டீச்சர் நோட்டைக் கீழே போட்டுவிட்டார். நீங்கள் எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள், அந்த வருசம் முழுக்க அதைச் சொல்லி என்னைக் கேலி செய்தீர்கள். ஏன் அப்படிக் கத்தினேன் என்று இப்போது தெரிந்ததா?